எல்லோரும் கை தூக்கிய ஆண்டு

வாக்குப்பதிவு நாளில் புதுத்துறை மக்கள் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். சுரங்கத் தெருக்களில் விளக்குகள் மங்கின. கடைகள் மூடப்பட்டன. காற்றைச் சுத்தம் செய்யும் பொறிகளைக்கூடச் சத்தம் குறைத்து ஓடவிட்டார்கள். பதினெட்டு வயது நிறைந்த அத்தனை பேரும் பாயில் படுத்துக் கண்ணை மூடினால் போதும். மாலையில் எழுந்திருக்கும்போது வாக்குப்பதிவும் முடிந்திருக்கும், எண்ணிக்கையும் முடிந்திருக்கும். தூக்கம் வராதவர்களுக்கு மருத்துவமனையில் மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை வாங்கப் போகிறவர்களைப் பார்த்து, "என்னா, மனசுல ஏதோ கொழப்பம் போலருக்கே?" என்று மற்றவர்கள் கேலி செய்வதும் வழக்கம்தான்.

அவர்களுக்காக வாக்களித்தது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருந்த அகவாக்கி. அரிசி மணி அளவுள்ள கருவி. ஒருவர் பேசியது, பேச வந்து விழுங்கியது, எதைக் கேட்டபோது நாடி வேகமாகத் துடித்தது, எதை நினைத்தபடி தூங்கிப்போனார் என்பதையெல்லாம் அது ஆண்டு முழுவதும் கவனித்துக்கொண்டே இருக்கும். வாக்குப்பதிவு நாளில் அவர் தூங்கும்போது அத்தனையையும் எடை போட்டு, அவருடைய ஆழ்மனம் எதை விரும்புகிறதோ அதற்கு வாக்கைப் போட்டுவிடும். அது எதற்குப் போட்டது என்பது பிறருக்குத் தெரியாது. உரியவர் கேட்டால் அவருக்கு மட்டும் சொல்லும். ஆனால் கேட்டவர்கள் அபூர்வம். தன் மனம் தனக்குத் தெரியாதா என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

புதுத்துறையை அமைத்தவர்கள் கடல் விழுங்கிவிட்ட ஒரு கரையிலிருந்து கிளம்பியவர்கள். வியாழனின் நிலவான கலிஸ்டோவில் பனிப்பாறைக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் குடியேறியபோது, பழைய ஊரின் தேர்தல்களை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். வாய் பொய் சொல்லும், கையை விலைக்கு வாங்கலாம், உறக்கத்தை யாராலும் வாங்க முடியாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. சில ஆயிரம் பேர் மட்டுமே கொண்ட அந்த நாட்டுக்குக் கொடி உண்டு, அஞ்சல்தலைகூட உண்டு. அஞ்சல்தான் இல்லை. பருவங்களே இல்லாத அந்தப் பனிக்குள் தமிழ் மாதங்களையும் விடாமல் எண்ணி வந்தார்கள்.

இங்கே சொல்லப்போகும் ஆண்டு தை மாதத்தில் சாதாரணமாகத்தான் தொடங்கியது. ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. நாட்டின் முதல் இரட்டையர் என்பதால் அரசு விடுமுறை விட்டார்கள். மாலை விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் எரியவிடலாமா என்று ஓர் உறக்க வாக்கு நடந்தது. தேநீர்க் கடைகளில் எரியவிட வேண்டும் என்று கத்தாத ஆளே இல்லை. முடிவு, வேண்டாம் என்று வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

மாசியில் பெரிய குழாய் வெடித்தது.

பனியை உருக்கிய தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரும் ஒரே குழாய் அது. நீர்நிலையத்தின் தலைமைப் பொறியாளர் அஞ்சுகம். அகன்ற தோளும், யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத வாயும் உள்ள பெண். ஆறு பேராக வெற்றிட உடை அணிந்துகொண்டு மேலே போனார்கள். குழாயை அடைத்துவிட்டார்கள். ஆனால் திரும்பும்போது ஐந்து பேர்தான். சவரிமுத்து பனிச்சரிவின் அடியிலேயே தங்கிவிட்டான். அவன் அஞ்சுகத்தின் உயிர்த்தோழி ஆரோக்கியத்தின் கணவன். செய்தியை அஞ்சுகமே போய்ச் சொன்னாள். ஆரோக்கியம் அழவில்லை. மகன் அந்தோணியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "ஊருக்குத் தண்ணி வருதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

உதவிக்கு வருவதாகச் சொன்ன பெருவளையத்தின் கப்பல், எல்லாம் முடிந்த பிறகு சித்திரையில் வந்து இறங்கியது. பெருவளையம் என்பது வியாழனைச் சுற்றிவரும் பிரமாண்டமான சக்கர நகரம். அது சுழலும் வேகத்தில் உள்ளே பூமியின் எடை கிடைக்கும். அங்கே ஓர் ஆறு ஓடுகிறது, மழைகூடப் பெய்விக்கிறார்கள். கலிஸ்டோவிலோ ஒருவரின் எடை பூமியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான். அங்கே வளரும் பிள்ளைகளின் எலும்புகள் மெலிந்துபோகும். பதினெட்டு வயதுக்குள் பெருவளையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால் உடம்பு தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் எலும்பு முற்றிவிடும். பிறகு ஆயுளுக்கும் பனிக்குள்தான்.

கப்பலில் வந்த தூதரின் பெயர் நவோமி. இந்த வேலைக்காகவே புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். பேரவைக் கூடத்தில் அவர் கோரிக்கையை நேரடியாகவே வைத்தார்.

"நீங்கள் பெருவளையத்தின் ஒரு மாவட்டமாக இணையுங்கள். உங்கள் பனி எங்களுக்கு வேண்டும். அதற்கு ஈடாகப் பதினெட்டு வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் எங்களிடம் இடம் உண்டு. அவர்களைக் கொண்டுசெல்லப் பெரிய கப்பல்கள் வரும்."

அஞ்சுகம் எழுந்தாள்.

"எங்க ஆளு ஒருத்தன் அந்தக் கொழாய்க்கு அடியில கெடக்கான். நீங்க சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா உசுரோட இருந்திருப்பான். வராம இருந்துட்டு இப்ப வந்து தண்ணிய கேக்குறீங்க. இந்தத் தண்ணிய நாங்க ஆண்டுக்குறோம். நீங்க போயிட்டு வாங்க."

மேசை தட்டும் ஓசை அடங்க வெகுநேரம் ஆனது. நாட்டின் தலைவர் கோவிந்தராசு மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று தொடங்கியது தன்னாட்சி இயக்கம். வைகாசி முழுவதும் அஞ்சுகம் பேசாத சுரங்கத் தெரு இல்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சவரிமுத்துவின் படத்துக்கு முன்னால் நின்று, உயிரே போனாலும் இணைய மாட்டோம் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆரோக்கியம்தான் முதலில் சொன்னாள். அவளுக்கு அடுத்துத் தலைவர்.

இவ்வளவு நடந்தபோதும் அஞ்சுகத்தின் மகள் சோலை ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. பதினாறு வயது. பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. படங்களில் மட்டுமே பார்த்த பாலங்களை நார்க்குச்சிகளால் கட்டிக் கட்டி அறை முழுவதும் நிரப்பி வைத்திருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அஞ்சுகமே பேச்சைத் தொடங்கினாள். "நேத்து பேசினத கேட்டியா?"

"கேட்டேன்மா. நல்லா பேசுன."

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பாலம் கட்றத இங்கயே படிக்கலாம். பாடம் எல்லாம் இருக்குல்ல?"

சோலை ஒரு குச்சிப் பாலத்தை எடுத்துவந்து அதன்மேல் தன் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். பிறகு தண்ணீர்க் குடுவையை வைத்தாள். அப்பாவின் கருவிப் பெட்டியையும் தூக்கி வைத்தாள். பாலம் அசையவில்லை.

"பாத்தியா, இது தப்பா கட்டின பாலம். நடுவுல முட்டே குடுக்கல. ஆனாலும் விழ மாட்டேங்குது. இங்க எதுவும் விழாதும்மா. விழாத ஊர்ல ஒக்காந்து எப்படிம்மா பாலம் கட்டிப் பழகறது?"

அஞ்சுகத்தின் கணவன் ராசாங்கம் நாற்றுக்கூடத்தில் கீரை வளர்ப்பவன், அதிகம் பேசாதவன். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாடுன்னு ஒண்ணு இருந்தாதான் பாலம்" என்று சொல்லிவிட்டு அவள் கைகழுவப் போனாள்.

ஆடியில் இணைப்புக்கான உறக்க வாக்கு நடந்தது. அஞ்சுகம் நிம்மதியாகத் தூங்கினாள். எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு, வெற்றி விழாவுக்கென்று எடுத்துவைத்திருந்த நீலப் புடவையைக் கட்டினாள். பேரவைக் கூடத்தின் பெரிய திரைக்கு முன்னால் போய் நின்றபோது அங்கே வேறு யாரும் வந்திருக்கவில்லை.

பத்தில் ஒன்பது பேர் இணைப்பை ஆதரித்திருந்தார்கள்.

அவள் திரையை இரண்டு முறை படித்தாள். பிறகு தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியே இருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் மக்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், "மோசடி! பெருவளையத்துக்காரன் கருவியில கை வச்சிட்டான்!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

அஞ்சுகமும் அதையே நம்ப விரும்பினாள். ஆனால் முழுதாக நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. தேநீர் ஆற்றிக் கொடுக்கும் பக்கிரிசாமி, மேடையில் தன் காலைத் தொட்டுக் கும்பிட்ட இளைஞர்கள், குழாய் வெடித்த அன்று தன்னோடு மேலே வந்த தொழிலாளர்கள் என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒருவர் யார்? தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், இவர்தானா, இவர் இல்லையா என்று நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டே வணக்கம் சொன்னாள். தன் வாழ்நாளில் இவ்வளவு தனியாக அவள் இருந்ததே இல்லை. வெற்றிடத்தில் குழாய் அடைத்தபோதுகூட ஐந்து பேர் கூட இருந்தார்கள்.

அவள் முறையீடு செய்ததால் இணைப்பு நிறுத்திவைக்கப்பட்டது. நடுவர் இருதயராஜ் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். முசுடு, யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாதவர் என்பதால் நேர்மையானவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அவர் ஆவணியிலும் புரட்டாசியிலும் அகவாக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஐப்பசியில் பேரவைக் கூடத்தில் எழுந்து முடிவைச் சொன்னார்.

"ஒரு கருவியிலயும் கோளாறு இல்ல. யாரும் கை வைக்கல. சந்தேகம் உள்ளவங்க அவங்கவங்க கருவியக் கேட்டுக்குங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அது உங்களுக்கு மட்டுந்தான் சொல்லும்."

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சுகம் மறுநாள் மதிய இடைவேளையில் நீர்நிலையத்தில் தண்ணீரை ஏற்றும் எக்கிகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லோரும் துரோகம் செய்துவிட்ட ஊரில் தான் ஒருத்தியாவது சுத்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. காதுக்குப் பின்னால் விரலை அழுத்திக் கேட்டாள்.

"ஆடியில நீ எதுக்கு வாக்குப் போட்ட?"

பதில் அவளுடைய குரலிலேயே வந்தது, சற்றுத் திருத்தமான தமிழில். "இணைப்புக்கு."

"பொய் சொல்ற."

"எனக்குப் பொய் சொல்லும் வசதி கிடையாது."

"நான் மேடை மேடையா என்னா பேசினேன்னு நீ கேக்கலியா?"

"கேட்டேன். அதுவும் உங்கள் விருப்பம்தான். அதையும் எடை போட்டேன். ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் ஒவ்வொரு நாளும் சோலையின் வயதை எண்ணினீர்கள். பெருவளையத்தின் ஆற்றைத் திரையில் பார்த்தபோது அதன்மேல் பாலம் இருக்கிறதா என்று தேடினீர்கள். உறங்கும் முன் நீங்கள் கடைசியாக நினைத்தது ஒருநாள்கூட நாட்டை இல்லை."

எக்கிகள் ஓடிக்கொண்டிருந்தன. அஞ்சுகம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவரை ஊர்மேல் கொண்டிருந்த கோபம் போக இடமில்லாமல் அவள்மேலேயே திரும்பியது. தன் கருவி தன்னைக் காட்டிக்கொடுத்ததா, தான் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொண்டோமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "நீங்க கேட்டீங்களா?"

"நான் கேக்கவே இல்ல" என்றான் ராசாங்கம். "கேட்டுத் தெரிஞ்சுக்க என்னா இருக்கு? தூங்கும்போதும் நான் அவளுக்கு அப்பன்தானே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"நீ அவ்ளோ நல்லா பேசிக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

அந்த வாரத்துக்குள் ஊரில் அத்தனை பேரும் தத்தம் கருவியைக் கேட்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அது தெரிந்தது. யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. முதலில் எழுந்தவர் தலைவர் கோவிந்தராசு. "என்னோட கருவி கோளாறு. நடுவர் என்ன சொன்னாலும் சரி, எம் மனசு எனக்குத் தெரியும்" என்றார். உடனே பக்கிரிசாமி தன்னுடையதும் கோளாறு என்றான். பிறகு வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். கூடத்தில் இருந்த ஒவ்வொரு கருவியும் கோளாறு என்று ஏகமனதாக முடிவானது. எல்லா அகவாக்கிகளையும் நிறுத்திவிட்டுக் கார்த்திகையில் மறுவாக்கு எடுப்பது என்று தீர்மானித்தார்கள்.

"சீட்டுல எழுதி மடிச்சுப் போடலாம்" என்றார் இருதயராஜ்.

"மடிக்கறதுக்கு இதுல என்னாய்யா இருக்கு?" என்று கேட்டார் கோவிந்தராசு. "நாட்டுப்பற்று உள்ளவனுக்கு மறைக்க என்ன இருக்கு? பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, கையத் தூக்குவோம்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அஞ்சுகம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாததையும் உறுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை ஆரோக்கியம் வீட்டுக்கு வந்தாள். எதிரில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்தோணிக்குப் பதினேழு ஆவப் போவுதுடி" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அவன் அப்பன் இந்தத் தண்ணிக்காகத்தான் போனான். அதுக்காக அவனும் இந்தப் பனிக்குள்ளயே கெடக்கணுமா? நான் சொல்றது தப்பா?"

"தப்பில்ல. எனக்கும் அதுதான். என் கருவியும் அதுக்குத்தான் போட்டிருக்கு."

ஆரோக்கியம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆடி மாதத்துக்குப் பிறகு அஞ்சுகம் மூச்சை முழுதாக இழுத்து விட்டது அப்போதுதான்.

"நீ தூக்கு அஞ்சு. நீ தூக்கினா நான் தூக்கறேன். நம்ம ரெண்டு பேரும் தூக்கினா அத்தன பேரும் தூக்கிருவாங்கடி. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இருக்கறதுதான். மொத கைதான் வேணும்."

"நான் தூக்கறேன்" என்றாள் அஞ்சுகம்.

அறை வாசலில் சோலை நின்றிருந்தாள். "நெசமாவாம்மா?" என்று கேட்டாள். அஞ்சுகம் அவளைக் கிட்டே கூப்பிட்டு, "நெசமாத்தான்" என்றாள். சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது.

கார்த்திகையில், நடுப்பகலில், எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, பேரவைக் கூடம் நிரம்பி வழிந்தது. வாக்குரிமை இல்லாத பிள்ளைகள் மேல்மாடத்தில் நின்றார்கள். தூதர் நவோமி பார்வையாளராக ஓர் ஓரத்தில் இருந்தார். அஞ்சுகத்தை மேடையில், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில், கூட்டத்தைப் பார்த்தபடி உட்காரவைத்திருந்தார்கள். அவள் தலைக்குமேல் சவரிமுத்துவின் படம் மாட்டியிருந்தது.

"இணைப்பை ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் கோவிந்தராசு.

அஞ்சுகம் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் அஞ்சுகத்தைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் ஆரோக்கியம் தன் வலது கையை இடது கையால் பிடித்தபடி கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ராசாங்கம். இவர்கள் கண்களில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். மற்ற அத்தனை பேர் கண்களிலும் இருந்ததும் அதுவேதான், அன்று அந்தக் கூடத்தில் வேறு எதுவும் இல்லை. ஆனால் கீழே இருந்த முகங்கள் எல்லாம் கல்லைப்போல் இருந்தன. இதே மேடையில் தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு நினைவு வந்தது. முதல் கை தன்னுடையதாக இருந்தால், நாளைக்கு இந்த ஊர் தன்னை என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று ஒரு நொடி நினைத்தாள்.

அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்து யாரோ, "தன்னாட்சித் தாய் அஞ்சுகம் அம்மா வாழ்க!" என்று குரல் கொடுத்தான்.

கை மடியிலேயே கிடந்தது.

"ஒருத்தரும் இல்ல" என்றார் கோவிந்தராசு. "எதிர்க்கறவங்க?"

கூடம் முழுவதும் கைகள் எழுந்தன. ஆரோக்கியத்தின் கை எழுந்தது. ராசாங்கத்தின் கை பாதி வரை எழுந்து நின்றது. நடுவர் இருதயராஜ் கூரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். எல்லாக் கைகளுக்கும் முன்னால், நேராக, உயரமாக எழுந்த கை அஞ்சுகத்தினுடையது. மேல்மாடத்தை அவள் நிமிர்ந்து பார்த்தபோது சோலை நின்றிருந்த இடத்தில் வேறொரு பிள்ளை நின்றிருந்தது.

ஏகமனதான முடிவு. புதுத்துறை வரலாற்றில் முதல் தடவை. அன்று முழுவதும் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சோலை அதற்குப் பிறகு அம்மாவிடம் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள். திட்டியிருந்தால் அஞ்சுகம் தாங்கியிருப்பாள். இந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மார்கழி பிறந்து, கப்பல் கிளம்பும் நாள் நெருங்கியபோது, ஒரு மதியம் அவள் பின்பக்கச் சுரங்கம் வழியாக விருந்தினர் இல்லத்துக்குப் போனாள். முக்காடு போட்டிருந்தாள்.

நவோமி எழுந்து நின்று வரவேற்றார். அஞ்சுகம் உட்காராமலேயே சொன்னாள்.

"எம் பொண்ணு ஒருத்திய மட்டும் கூட்டிக்கிட்டுப் போவ முடியுமா? நாடு நாடாவே இருக்கட்டும். அவ மட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

தூதர் சற்று நேரம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அஞ்சுகத்தைப் பயமுறுத்தியது.

"நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன், அம்மா. இவ்வளவு தாமதமாக வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இது சிறிய கப்பல். இதில் இருந்த இருக்கைகள் எல்லாம் வாக்கெடுப்பு நடந்த அன்று மாலையே நிரம்பிவிட்டன."

"யாரு? யாரு வந்தாங்க?"

"பெயர்களைச் சொல்வது முறையாகாது. எல்லோரும் இந்தப் பின்வழியாகத்தான் வந்தார்கள். எல்லோரும் நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள்."

"அடுத்த கப்பல்?"

"மூன்று ஆண்டுகள் கழித்து. உங்கள் மகளுக்கு அப்போது..." தூதர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெரிய கப்பல்கள் இனி வர மாட்டா. இணைப்பு எங்களுக்கு இனித் தேவைப்படாது என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் இப்படியே ஒவ்வொருவராக எங்களிடம் வந்துவிட்டால், பனி எங்கே போய்விடும்?"

வீட்டுக்கு வந்து ராசாங்கத்திடம் சொன்னபோது அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நானும் அன்னிக்கே போயிக் கேக்கலாம்னு கெளம்பினேன் அஞ்சுகம். உன் பேரு கெட்டுப் போயிருமேன்னு பாதி வழியில திரும்பி வந்துட்டேன்" என்றான்.

கப்பல் கிளம்பும் நாளன்று இறங்குதளத்தின் கண்ணாடிக் கூடத்தில் திருவிழாக் கூட்டம். அரசு அதற்கு நல்லெண்ணக் கல்விப் பயணம் என்று பெயர் வைத்திருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளை அஞ்சுகம் பார்த்துக்கொண்டே நடந்தாள். தலைவர் கோவிந்தராசுவின் பேரனும் பேத்தியும். பக்கிரிசாமியின் மகள். நடுவர் இருதயராஜின் தங்கை மகன். நடுவர் அன்றைக்கு மட்டும் ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தார். வாழ்க என்று குரல் கொடுத்தவனின் தம்பி. வரிசையின் கடைசியில் அந்தோணி. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த ஆரோக்கியம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"படிக்கல்லாம் இல்லடி. சும்மா ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவான்" என்றாள்.

"எப்பப் போயிக் கேட்ட?"

"அன்னிக்குத்தான். நீ தூக்குவ தூக்குவன்னு ஒன்னையேதான்டி பாத்துக்கிட்டிருந்தேன். நீ தூக்கல. பின்ன நான் என்னா செய்வேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஆரோக்கியம்? எம் பொண்ணுக்கும் ஒரு எடம்..."

"சொல்லியிருந்தா நீ முந்திக்கிட்டா?" என்றாள் ஆரோக்கியம். சொன்ன பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

அஞ்சுகம் அங்கிருந்து நகர்ந்தாள். கப்பலின் கதவு மூடியது. தாய்மார்கள் அழுதார்கள். தளம் அதிர்ந்து, கப்பல் பனியைக் கிளப்பிக்கொண்டு மேலே போய்ப் புள்ளியாக மறைந்ததும், கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"அன்பு மக்களே! ஒரு விஷயத்த எல்லாரும் கவனிக்கணும். இன்னிக்கு எத்தனையோ பேர் வீட்டுப் புள்ளைங்க பயணம் போறாங்க. சந்தோஷம். ஆனா நம்ம தன்னாட்சித் தாய், அஞ்சுகம் அம்மா, அவங்க நெனச்சிருந்தா அவங்க பொண்ணுக்கு மொத எடம் கெடச்சிருக்காதா? கேக்கவே இல்லியே! இந்த மண்ணுலதான் வளரணும்னு நிறுத்திட்டாங்களே! இதுக்குப் பேருதான்யா நாட்டுப்பற்று!"

கைதட்டல் தொடங்கியது. அதில் பொய் இல்லை. தங்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நின்ற அத்தனை பேரும் மனதார, கண்ணீரோடு தட்டினார்கள். யாரோ நாற்றுக்கூடத்துப் பூவில் கட்டிய மாலையைக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த சோலையை முன்னால் அழைத்துவந்து அவள் கழுத்தில் போட்டார்கள். அவள் மறுக்கவில்லை. மாலையோடு நடந்துவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகம் மட்டும் கைகளைத் தொங்கவிட்டபடி வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோலை அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நீயும் தட்டும்மா. எல்லாரும் பாக்கறாங்க."